சத்தம் நின்றால் வருகிறவர்

நாகஸ்வரத்தை மெதுவாக வாசிக்க முடியாது. இந்த ஒரே காரணத்துக்காகத் திருப்பதியில் மூன்று வீட்டுக்காரர்கள் என்னைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். அப்போது நான் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை பார்த்தேன். காலை ஷிஃப்ட். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் என் நேரம் என்னுடையது. அந்த நேரத்தில் உட்கார்ந்து வாசிக்க நான்கு சுவர் வேண்டும். நாகஸ்வரத்தின் வாயில் வைத்து ஊதும் சீவாளி வாங்கப் போன கடையில்தான் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள்.

"கொர்லகுண்டாவுல ஒரு அம்மா மாடியில மூணு ரூம் வெச்சினு கீது. மணிக்கணக்குல வாடகைக்கு வுடுது. நீ எவ்ளோ சத்தமா வாசிச்சாலும் ஒண்ணும் சொல்லாது." கடைக்காரர் கொஞ்சம் நிறுத்தி, "வாசிக்காம இருந்தாத்தான் கஷ்டம்" என்றார்.

அதன் அர்த்தம் முதல் நாளே தெரிந்துவிட்டது.

மாடியில் வரிசையாக மூன்று அறைகள். சுவரெல்லாம் பழைய மெத்தைகளைப் பிரித்து ஆணியடித்திருந்தார்கள். தரையில் தேங்காய் நார்ப்பாய். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் பாதியாகிவிடும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும். நான் கால்மணி நேரம் வாசித்துவிட்டு, சீவாளியைக் கழற்றி நனைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. கதவில் டொக் டொக் என்று விரல் முட்டியால் தட்டுகிற சத்தம்.

"நைனா, இருக்கியா?"

"இருக்கேன்மா."

"சரே, சரே. நீ வாசி."

படியில் செருப்பில்லாத கால்கள் இறங்கிப் போயின. அன்று ஒரு மணி நேரத்துக்குள் நான்கு முறை வந்தார். தண்ணீர் குடித்தபோது ஒருமுறை. லாட்ஜிலிருந்து போன் வந்தபோது ஒருமுறை. மற்ற இரண்டு முறையும் நான் சும்மா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது இருக்கும். குள்ளம். கறுத்த, இறுகிய கைகள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எப்போதும் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பார். எல்லோரும் அவரை ரூமம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கும் அதற்கு மேல் பெயர் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. கீழே அவர் இருந்த பகுதியில், தெருவைப் பார்த்த அறை முழுக்க வாத்தியங்கள். ஏழு வயலின், இரண்டு வீணை, ஒரு ஹார்மோனியம், தம்பூரா, மூன்று மிருதங்கம். எல்லாம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தவை என்று சொல்லியிருந்தார். அவருக்கு ஒன்றையும் வாசிக்கத் தெரியாது. வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் வந்து கேட்டால் இரவலாகக் கொடுப்பார். மாடி அறைகளின் வாடகையெல்லாம் அந்த அறைக்குத்தான் போயிற்று. மிருதங்கத்துக்குத் தோல் மாற்ற வேண்டும். ஹார்மோனியத்தின் துருத்தியை எலி கடித்திருக்கும். சித்திரை வெயிலில் வீணையின் மெழுகு இளகி அதில் பதித்த மெட்டுகள் சாய்ந்துவிடும். சித்தூரிலிருந்து ஓர் ஆசாரி மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

"வாசிக்காம பெட்டியிலயே வெச்சிருந்தா வயலின் செத்துப்பூடும்னு ஆசாரி சொன்னாரு நைனா. அதான் புள்ளைங்களுக்குக் குடுக்கறேன்" என்றார் ஒருநாள். செத்துப்பூடும் என்ற வார்த்தையைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

எனக்குச் சொந்த ஊர் நகரி. எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஓடாத நேரம் குறைவு. கரண்ட் போய்த் தறிகள் நின்றால், தூங்குகிற குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும். அதனால் சத்தம் நின்றால் பதறுகிற ஆளை எனக்குப் புரியும் என்று நினைத்தேன். ஆனால் இது அப்படிப்பட்ட பதற்றம் இல்லை. அவர் கீழே அரிசி களைந்துகொண்டிருப்பார். மேலே மூன்று அறையிலும் மூன்று வாத்தியம் மோதிக்கொண்டிருக்கும். நடுவில் ஒன்று நின்றால், எந்த அறை என்று அவருக்குத் தெரியும். கை அப்படியே நின்றுவிடும். தலை கொஞ்சம் சாயும். உதடு எதையோ எண்ணுகிற மாதிரி அசையும். சத்தம் திரும்ப வந்தால் கை திரும்ப அரிசிக்குப் போகும். வராவிட்டால் ஈரக்கையோடு படியேறுவார்.

நடு அறையில் ஒரு பஸ் டிரைவர் கீபோர்டு பழகினார். திருப்பதிக்கும் நாயுடுபேட்டைக்கும் வண்டி ஓட்டுகிறவர். ஐம்பது வயசில் ஆசை வந்து, பெண்ணின் கல்யாணத்தில் தானே வாசிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டிருந்தார். டூட்டி முடித்து நேராக வருவதால் அடிக்கடி கீபோர்டின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவார். ஒருநாள் ரூமம்மா தட்டி, பதில் வராமல், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, அவர் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் மனிதர் நாற்காலியோடு சரிந்தார்.

"ஏம்மா! பிராணம் போச்சு!" என்று கத்தினார் டிரைவர்.

"போவல இல்ல? இருக்க இல்ல?" என்றார் ரூமம்மா. கேலியாக இல்லை. நிஜமாகவே கேட்டார். அவர் நெஞ்சு ஏறி இறங்குவது வாசலில் நின்ற எனக்குத் தெரிந்தது.

டிரைவர் முதலில் திட்டினார், பிறகு சிரித்தார். அதற்கப்புறம் அரைத்தூக்கத்தில் தட்டினாலும் "உன்னானம்மா", இருக்கேன்மா, என்று தெலுங்கில் பதில் சொல்லப் பழகிவிட்டார்.

எல்லோரும் அப்படிச் சிரிக்கவில்லை. கடைசி அறையில் வீணை பழகிய ஒரு கல்லூரிப் பெண்ணின் அப்பா ஒருநாள் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். "என் பொண்ணு போன்ல யாரோட பேசறான்னு வேவு பாக்கறீங்களா? நிமிஷத்துக்கு ஒருதரம் கதவத் தட்டினா என்ன அர்த்தம்?" ரூமம்மா துடைக்கிற துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் மறுநாளிலிருந்து வரவில்லை. அந்த மாதத்தில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். புறவழிச்சாலைப் பக்கம் ஏசி போட்ட அறைகள் வந்திருந்தன. உள்ளே தாழ் போட்டுக்கொள்ளலாம், யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். இங்கே கூட்டம் குறைந்ததும் ஆசாரி வருவது தள்ளிப்போயிற்று. வீணை ஒன்றின் குடத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓட ஆரம்பித்திருந்தது. அதைத் தினமும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறைக்கு ஒரு கேமரா வெச்சிட்டா நீங்க கீழ இருந்தே பாக்கலாம்மா. தட்ட வேண்டிய அவசியமே இல்ல" என்று யோசனை சொன்னேன்.

"படத்துல ஆளு தெரியும் நைனா. மூச்சு இருக்குதா இல்லியான்னு தெரியுமா?"

என்ன மாதிரி அம்மா இது என்று அன்று ராத்திரி வேறு இடம் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு கோயிலில் நாகஸ்வரம் வாசிக்க ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. நிரந்தர வேலை. தறியில் நின்று நின்று என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, காலில் நரம்பு புடைத்துப்போயிருந்தது. இது கிடைத்தால் அவரை உட்கார வைத்துவிடலாம். தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு ராகத்தை எடுத்து விரித்துக்கொண்டு போகும்போது, நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி யோசிக்க வேண்டும். யோசித்தால் டொக் டொக். ராகம் கலைந்துவிடும்.

நான் கீழே போய்க் கேட்டேன். "அம்மா, பத்து நாளைக்கு என் கதவ மட்டும் தட்டாதீங்க. நான் வாசிச்சாலும் வாசிக்காட்டியும் நல்லாத்தான் இருப்பேன்."

என்னையே பார்த்தார். அவர் முகம் மாறியது. நான் ஏதோ பெரிய தொகை கேட்டுவிட்ட மாதிரி.

"பத்து நாளா?"

"பத்து நாள்தாம்மா."

"சரே. தட்டல நைனா. நீ வாசி."

மூன்று நாள் தட்டவில்லை. நான்காவது நாள் என் கீழ் உதடு வெடித்தது. தொடர்ந்து மூன்று மணி நேரம் ஊதியதில் ரத்தம் கசிந்து சீவாளி சிவந்துவிட்டது. ஈரத்துணியை உதட்டில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம். யாரும் தட்டவில்லை. நான்தான் தட்டாதே என்றேன். ஆனாலும் அந்த மெத்தைச் சுவர்களுக்குள் உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க, நான் இங்கே இருப்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. இத்தனை நாளும் அப்படித் தோன்றியதே இல்லை. இருபது நிமிஷம் கழித்து எழுந்து கதவைத் திறந்தேன்.

வாசலுக்கு நேராகத் தரையில் ரூமம்மா உட்கார்ந்திருந்தார். வலது கையைப் புடவைத் தலைப்பால் மணிக்கட்டு வரை இறுக்கிச் சுற்றி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார். ரவிக்கை முழுக்க வியர்வை. முகம் சாம்பல் பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார்.

"தட்டவே இல்ல நைனா. பாத்தியா? தட்டவே இல்ல."

நான் பயந்துபோனேன். கையைப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்துத் தலைப்பை அவிழ்த்தேன். விரல்கள் வெளுத்திருந்தன. "என்னம்மா இது? எதுக்கு இவ்ளோ பயம்?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் என் உதட்டு ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். நான் கேட்டதற்குப் பதில் மாதிரி இல்லை, வேறு யாரிடமோ சொல்கிற மாதிரி இருந்தது.

"பன்னெண்டு வருஷம் முன்னால, சித்தூர்ல ஒரு பொம்பளப் புள்ளைங்க ஸ்கூலு. அங்க நான் அட்டெண்டரு. சாயங்காலமானா ரூமெல்லாம் பெருக்கிப் பூட்டறது என் வேல. மேல கடைசியில மியூசிக் ரூமு. ஆஸ்டல் புள்ள ஒண்ணு, ஒன்பதாங்கிளாசு, தெனம் அங்க வயலின் வாசிச்சிக்கினு இருக்கும். ஒரே பாட்டு. போட்டிக்கின்னு. கேட்டுக் கேட்டு எனக்கே அது மனப்பாடம். அன்னிக்கி வெள்ளிக்கெழம. நான் கீழ பெருக்கிக்கினு இருந்தேன். சத்தம் நின்னுபோச்சு. முடிச்சிட்டுப் போயிட்டாப்பலன்னு நெனச்சேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு நைனா. மேல போனேன். உள்ள எட்டிப் பாக்கல. கதவ இழுத்துப் பூட்டிட்டு வந்துட்டேன்."

வெளுத்த விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டே தொடர்ந்தார்.

"ஆஸ்டல்ல, புள்ள லீவுக்கு ஊருக்குப் போயிருக்கும்னு நெனச்சிக்கினாங்க. ஊருல, போட்டி இருக்குது, புள்ள ஆஸ்டல்லயே தங்கிச்சின்னு நெனச்சிக்கினாங்க. யாரும் தேடல. நான் ஊட்டுக்குப் போயி துன்னுட்டுப் படுத்தேன். தூக்கம் வரல. எதனாலன்னு தெரியல. அப்புறம்தான் தெரிஞ்சிது. அந்தப் பாட்டு முடியல நைனா. நடுவுல நின்னிச்சு. முடியற எடம் எனக்குத் தெரியும். அங்க வரவே இல்ல."

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்க் கதவைத் திறந்திருக்கிறார். அந்தப் பெண் தரையில் கிடந்திருக்கிறது. வலிப்பு. கண் பாதி திறந்து, வாயோரம் நுரை காய்ந்து, மூச்சு மட்டும் லேசாக ஓடிக்கொண்டிருந்தது. தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி இறங்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். மத்தியானம் பெண்ணின் அப்பா வந்தார். சாயங்காலம் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இவரை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி யாரிடமும் விசாரிக்கக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். இசை வகுப்பையே மூடினார்கள். வாத்தியங்களைப் பழைய சாமான்காரனுக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தனக்குச் சேர வேண்டியதற்குப் பதிலாக அவற்றைக் கேட்டு வாங்கி, திருப்பதியில் கணவர் விட்டுப்போன இந்த வீட்டுக்கு வண்டியில் ஏற்றி வந்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு என்னாச்சும்மா?"

"தெரியாது."

"பன்னெண்டு வருஷமா விசாரிக்கவே இல்லியா?"

"அவங்க நைனாவுக்கு நாயுடுபேட்டையில மோட்டார் ரிப்பேர் கடை. போனா ஒன்ற மணி நேரம். எத்தினியோ தரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கேன்." தலையை ஆட்டினார். "இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா? இப்பன்னா தெரியாதுன்னாவது இருக்குது."

நான் தேர்வில் தேறவில்லை. உதடு ஆறாமலே போய் வாசித்தேன். மேல் ஸ்தாயியில் இரண்டு இடத்தில் சுருதி நழுவியது. அதைச் சொல்லி அழுவதற்கு இது இடமில்லை. வீட்டுக்குப் போன் பண்ணி நைனாவிடம் சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுக்க என் தோல்வியை நினைக்காமல் இருக்க வேறு ஏதாவது வேண்டும் என்றிருந்தது. டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நாயுடுபேட்டையில மோட்டார் ரிப்பேர் கடையா? ஒண்ணா ரெண்டா தம்பி!" என்றார். பிறகு தயங்கினார். "கண்டுபிடிச்சிட்டா அப்புறம் சொல்லாம இருக்க முடியாது. அது தெரியுதா உனக்கு?"

"தெரியுது."

எனக்கு அது சரியாகத் தெரிந்திருந்ததா என்பது வேறு விஷயம். மூன்று வாரம் அவர் வண்டி நிற்கிற இடைவெளியில் ஒவ்வொரு கடையாக விசாரித்தார். ஒருநாள் போன் பண்ணினார். "கடை கிடைச்சிது. பொண்ணு சித்தூர்ல படிச்சிதான்னு கேட்டேன். அந்த ஆளு மொறைச்ச மொறைப்புல மேல ஒண்ணும் கேக்கல. நீ வா."

லாட்ஜில் லீவு சொல்லிவிட்டு அவர் பஸ்ஸிலேயே போனேன். பெண் உயிரோடு இல்லை என்றால் ரூமம்மாவிடம் பொய் சொல்வதா, நிஜத்தைச் சொல்வதா என்று இரண்டையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டுமே வாயில் வரவில்லை.

கடை சந்தைப் பக்கம் இருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா ஒரு பம்ப்செட் மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தெலுங்கில்தான் பேசினோம். நான் யாரிடமிருந்து வருகிறேன் என்று சொன்னதும் அவர் கை நின்றது.

"பூட்டிட்டுப் போனவளா? இன்னும் இருக்காளா?"

"அவங்க ரொம்ப…"

"ரொம்ப என்ன? ராத்திரி பூரா என் மக தரையில கிடந்தா. ரெண்டு மாசம் சென்னையில வெச்சிருந்தேன். இருந்த நிலத்த வித்தேன். அவ என் வாசல்ல வந்து நின்னா நான் மனுஷனா நடந்துக்க மாட்டேன். போயிடுங்க."

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அதைக் கேட்க நாக்கு எழவில்லை. நானும் டிரைவரும் நின்றுகொண்டே இருந்தோம். அந்த நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. டிபன் கேரியரோடு ஒரு பெண் இறங்கினாள். இருபத்தாறு வயசிருக்கும். மருந்துக்கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டு. "நைனா, சாப்பாடு" என்று உள்ளே வந்தவள் எங்கள் முகங்களைப் பார்த்து நின்றாள்.

அப்பா மோட்டார் பக்கம் குனிந்துகொண்டார். நான்தான் சொன்னேன். டிபன் கேரியர் அவள் வலது கையிலேயே இருந்தது. இடது கை மடங்கி, விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, கோட்டுப் பையை ஒட்டி இருந்தது.

"எனக்கு அந்த ராத்திரி ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க" என்றாள். சித்தூர் ஹாஸ்டலில் கற்ற தமிழ். "ஒரு தோள் மட்டும் ஞாபகம் இருக்குது. படி எறங்கறப்ப ஆடிக்கினே இருந்துச்சு. பினாயில் வாசன. அது யாருன்னு கேட்டுக்கினே இருந்தேன். வீட்ல யாரும் சொல்லல."

அப்பா கம்பியைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார். "போகாத" என்று மட்டும் சொன்னார், யாரையும் பார்க்காமல்.

"ஞாயித்துக்கெழம லீவு. வர்றேன்" என்றாள் அவள் என்னிடம்.

அன்று சாயங்காலமே ரூமம்மாவிடம் சொல்லிவிட்டேன். வாத்திய அறையில் ஹார்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அம்மா, அந்தப் பொண்ணு இருக்குது. நல்லா இருக்குது. மெடிக்கல் ஷாப்ல வேல."

துணி நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரு சொன்னா?"

"நானே பாத்தேன்."

"கையி காலு?"

பொய் சொல்லியிருக்கலாம். "எடது கை மட்டும் கொஞ்சம் சரியில்ல" என்றேன்.

துணியை ஹார்மோனியத்தின் மேல் வைத்தார். பிறகு திரும்பினார். அவ்வளவு கோபத்தில் நான் அவரைப் பார்த்ததே இல்லை. "உன்ன யாருடா கேட்டா? இன்னாத்துக்குப் போன? எடது கையா? வயலின் கம்பிய அழுத்தற கையா? இத்தினி நாளு அந்தப் புள்ள எங்கியோ வாசிச்சிக்கினு இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேனே! போடா!"

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வழக்கம்போல மத்தியானம் போய் வாசித்தேன். நடுவில் நிறுத்தினேன். தட்டவில்லை. டிரைவரின் கதவைத் தட்டினார், கடைசி அறைக்குப் புதிதாக வந்த பையன்களின் கதவைத் தட்டினார். என் கதவை மட்டும் தாண்டிப் போனார். கால் சத்தம் என் வாசலில் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. உயிரோடு இருக்கிற ஒருவனை அதைவிட மோசமாகத் தண்டிக்க முடியாது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வருகிறாள் என்பதை நான் சொல்லவும் இல்லை. சொல்லப் பயம். சொல்லாமல் இருக்கவும் பயம்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவரின் பஸ்ஸில் வந்து இறங்கி, அவரோடும் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த என்னோடும் நடந்தே வந்தாள். அப்பாவுக்குத் தெரியும், தடுக்கவில்லை, ஆனால் சாப்பிடாமல் படுத்திருக்கிறார் என்றாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவள் பேசிய குரல் உள்ளே கேட்டிருக்க வேண்டும். வாத்திய அறையில் இருந்த ரூமம்மா வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி அலமாரியின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"அம்மா" என்றேன்.

"வேணாம் நைனா. போவச் சொல்லு."

அந்தப் பெண் என்னைத் தாண்டி உள்ளே போனாள். அறை முழுக்க இருந்த வாத்தியங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். வயலின்கள் இருந்த வரிசையில் பார்வை கொஞ்சம் நின்றது. பிறகு ரூமம்மாவின் பின்னால் போய் நின்றாள். அவரைவிட ஒரு தலை உயரம்.

"காலையில கதவத் தொறந்தது நீங்கதானே?"

"பூட்டினதும் நான்தான்" என்றார் ரூமம்மா சுவரிடம்.

"ரெண்டும் தெரியும்மா. தெரிஞ்சிதான் வந்தேன்."

ரூமம்மா மெதுவாகத் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் அந்த இடது கையைத்தான் பார்த்தார். சுருண்ட விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார், வீணையின் விரிசலைத் தொடுகிற அதே விரலால். பிறகுதான் நிமிர்ந்தார். இத்தனை வருஷமாக உள்ளே வைத்திருந்த கேள்வி மன்னிப்பாக இருக்கும், வலித்ததா என்பதாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அதுவல்ல.

"அன்னிக்கி ராத்திரி… தாகமா இருந்துச்சாம்மா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அந்த ரூம்ல தண்ணி இல்ல" என்றார் ரூமம்மா. "கூஜா கீழ இருக்கும். நான் பாக்கறப்ப உன் நாக்கு ஒட்டிக்கினு இருந்துச்சு. அதான். தெனம் தண்ணி குடிக்கறப்ப எல்லாம்… தாகமா இருந்துச்சா?"

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஞாபகமில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எங்களிடம் அதைத்தான் சொல்லியிருந்தாள். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "இப்பகூடத் தாகமாத்தான் இருக்குது. குடுங்க."

ரூமம்மா சமையலறைக்குள் ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீரோடு, இரண்டு பக்கமும் சிந்திக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண் ஒரு பாட்டில் முழுக்கக் குடித்ததை நானும் டிரைவரும் பார்த்திருந்தோம். அவள் அந்தச் சொம்பை வலது கையால் வாங்கி, அண்ணாந்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை ரூமம்மா ஒவ்வொரு மடக்காகப் பார்த்துக்கொண்டே நின்றார்.